புற்றுநோய்ச் சிகிச்சையின் புதிய முறைகளும் மக்களின் பணமும்

வடக்கு, கிழக்கு, மலையகம் ஆகிய பகுதிகளிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்காகத் தலைநகருக்கு வருவோரில் கணிசமானோர் வெள்ளவத்தை, பாமன்கடை பகுதிகளிலுள்ள உறவினர் வீடுகளிலும் வாடகை அறைகளிலும் தங்கி, ஹைலெவல் வீதி வழியாக மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குச் சென்று வருகின்றனர். நோயின் வேதனையோடு மொழி தெரியாத இடத்தின் அலைச்சலையும் இவர்கள் சுமக்க வேண்டியுள்ளது. இத்தகைய குடும்பங்களை இன்று இரண்டு கேள்விகள் எதிர்நோக்கியுள்ளன. வயிற்றறைக்குள் சூடாக்கிய மருந்தைச் செலுத்தும் சிகிச்சைக்காக நோயாளியைச் சென்னைக்கு அழைத்துச் செல்வதா என்பது ஒன்று. நோய் மீண்டும் தலைதூக்குகிறதா என்பதை அறியும் இரத்தப் பரிசோதனைகளைத் தனியார் ஆய்வுகூடங்களில் அடிக்கடி செய்துகொள்வதா என்பது மற்றையது. காணியையும் நகையையும் விற்று விடைகாண முற்படுவதற்கு முன்னர், இவை குறித்து விஞ்ஞான ஆய்வுகள் கூறுவது என்ன என்பதை அறிந்துகொள்வது அவசியமாகும்.

இலங்கையில் ஆண்டுதோறும் 30 ஆயிரத்துக்கும் அதிகமானோர் புதிதாகப் புற்றுநோயாளர்களாக இனங்காணப்படுகின்றனர். ஆண்களிடையே வாய்ப் புற்றுநோயும் பெண்களிடையே மார்பகப் புற்றுநோயும் முன்னணியில் உள்ளன. இவர்களுள் பெரும்பான்மையோர் இலவச சுகாதார சேவையையே நம்பியுள்ளனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி அச்சேவையின் அடித்தளத்தையே அசைத்தது. அந்நியச் செலாவணி இன்மையால் புற்றுநோய் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அனுபவம் வாய்ந்த வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். அரச வைத்தியசாலை மீதான நம்பிக்கை தளரும்போது, கடல் கடந்த சிகிச்சை மீதான நம்பிக்கை வளர்வது இயல்பே. எனினும் அந்நம்பிக்கை ஆதாரத்தின்மீது எழுந்ததா என்பதே இங்கு எழும் வினாவாகும்.

பெருங்குடல், சூலகம் போன்ற உறுப்புகளில் தோன்றும் புற்றுநோய், வயிற்றறையின் உட்புறத்தை மூடியுள்ள மெல்லிய சவ்வில் பரவுவதுண்டு. நரம்பு வழியாக ஏற்றப்படும் மருந்து அவ்விடத்தைப் போதியளவில் சென்றடைவதில்லை. எனவே கண்ணுக்குத் தெரியும் கட்டிகள் அனைத்தையும் சத்திரசிகிச்சை மூலம் அகற்றிய பின்னர், 41 முதல் 43 பாகை செல்சியஸ் வரை சூடாக்கப்பட்ட மருந்துக் கரைசலை வயிற்றறைக்குள் 30 முதல் 90 நிமிடங்கள் வரை சுழலவிட்டு, எஞ்சியுள்ள கலங்களை அழிக்க முற்படுவதே இம்முறையாகும். வைத்தியர்கள் இதனைச் சுருக்கமாக 'ஹைபெக்' என்பர். 1980ஆம் ஆண்டு அமெரிக்காவில் முதன்முறையாக ஒரு நோயாளிக்கு அளிக்கப்பட்ட விபரம் வெளியான இச்சிகிச்சை, பின்னர் உலகெங்கும் பரவியது. சென்னை உட்பட இந்தியப் பெருநகரங்களின் பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் அது இன்று அளிக்கப்படுகிறது.

இதன் பயன் குறித்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. பெருங்குடல் புற்றுநோய் வயிற்றறையில் பரவிய 105 நோயாளர்களிடம் நெதர்லாந்தில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2003இல் வெளியானது. இச்சிகிச்சை பெற்றோரின் இடைநிலை ஆயுட்காலம் 22.3 மாதங்களாகவும், பெறாதோருடையது 12.6 மாதங்களாகவும் இருந்தது. ஆனால் நன்மை அளித்தது விரிவான சத்திரசிகிச்சையா, சூடான மருந்தா என்பதை அந்த ஆய்வினால் பிரித்தறிய முடியவில்லை. பிரான்ஸில் 265 நோயாளர்களை உள்ளடக்கி நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வே அக்கேள்விக்கு விடையளித்தது. சத்திரசிகிச்சையுடன் சூடான ஒக்சாலிபிளாட்டின் மருந்தையும் பெற்றோர் இடைநிலையாக 41.7 மாதங்களும், சத்திரசிகிச்சை மட்டும் பெற்றோர் 41.2 மாதங்களும் வாழ்ந்தனர். பலனில் வேறுபாடு இல்லை; அதேவேளை மருந்து பெற்றவர்களிடையே தாமதித்துத் தோன்றிய கடுமையான சிக்கல்கள் அதிகரித்திருந்தன.

ஆனால், சூலகப் புற்றுநோயில் நிலைமை வேறானது. மூன்றாம் கட்டத்தில் இருந்த 245 பெண்களிடம் நெதர்லாந்தை மையமாகக் கொண்டு நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், சூடான சிஸ்பிளாட்டின் மருந்தைப் பெற்றோரின் இடைநிலை ஆயுட்காலம் 45.7 மாதங்களாகவும் ஏனையோருடையது 33.9 மாதங்களாகவும் பதிவாகின. இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. ஒரே சிகிச்சை ஒரு நோயில் பயனளிக்கலாம். வேறொன்றில் சுமையாக மட்டுமே அமையலாம். எந்த உறுப்பின் நோய், எந்தக் கட்டம், கட்டிகள் முழுமையாக அகற்றப்பட்டனவா, நோயாளியின் உடல் அதனைத் தாங்குமா என்பனவே முடிவைத் தீர்மானிக்கின்றன. இதனை ஆராயாமல் 'நவீன சிகிச்சை' என்ற பெயரை மட்டும் நம்பிப் புறப்படுவது ஆபத்தானது.

இரத்தக் குறிகாட்டிகளின் கதையும் இத்தகையதே. சீ.ஈ.ஏ. எனப்படும் புரதம் 1965ஆம் ஆண்டிலும், சீ.ஏ. 125 என்பது 1980களின் தொடக்கத்திலும் மருத்துவ உலகுக்கு அறிமுகமாகின. சிகிச்சை பெற்றுவரும் ஒருவரின் நிலையைத் தொடர்ந்து அவதானிப்பதற்கு இவை உதவுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் புகைபிடிப்போரிடம் புற்றுநோய் இன்றியே சீ.ஈ.ஏ. உயர்ந்திருக்கலாம். கர்ப்பம், மாதவிடாய் போன்ற இயல்பான நிலைகளிலும் சீ.ஏ. 125 உயரக்கூடும். பிரித்தானியாவில் 2 இலட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம் நடத்தப்பட்டு 2021இல் இறுதி முடிவு வெளியான ஆய்வில், அறிகுறியற்ற பெண்களை ஆண்டுதோறும் இக்குறிகாட்டி மூலம் பரிசோதித்தும் சூலகப் புற்றுநோய் மரணங்கள் குறையவில்லை என்பது தெரியவந்தது.

நோயிலிருந்து மீண்டவர்கள் தொடர்பாக 2010இல் வெளியான மற்றொரு ஆய்வு மேலும் சிந்திக்க வைக்கிறது. சீ.ஏ. 125 உயர்ந்தவுடனேயே மருந்தை ஆரம்பித்தவர்களும், அறிகுறிகள் தோன்றும்வரை காத்திருந்தவர்களும் ஏறத்தாழ ஒரே காலமே வாழ்ந்தனர். முன்னதாக அறிந்தவர்கள் சில மாதங்கள் முன்னதாக மருந்தின் துன்பத்தை அனுபவித்ததே மிச்சம். ஓர் இரத்தப் பரிசோதனையின் பெறுமதி அதன் எண்ணில் இல்லை. அதனைத் தொடர்ந்து எடுக்கப்படும் தீர்மானத்திலேயே உள்ளது. அத்தகைய பயனுள்ள தீர்மானத்துக்கு அவுஸ்திரேலியா நல்லதோர் உதாரணத்தைத் தந்துள்ளது. அங்கு இரண்டாம் கட்டப் பெருங்குடல் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்ற 455 பேரிடம், இரத்தத்தில் கட்டியின் மரபணுத் துணுக்குகள் எஞ்சியுள்ளனவா என ஆராயப்பட்டது. 2022இல் வெளியான முடிவின்படி, இப்பரிசோதனையின் வழிகாட்டலில் சிகிச்சை பெற்றோருள் 15 வீதத்தினருக்கே இரசாயன மருந்து அளிக்கப்பட்டது. வழமையான முறையில் அது 28 வீதம். நோய் மீளும் அபாயமோ கூடவில்லை. தேவையற்ற மருந்திலிருந்து நோயாளர்களைக் காத்தமையே அப்பரிசோதனையின் வெற்றியாகும்.

இது வைத்தியர்களுக்கு மட்டுமான விவகாரம் அல்ல. நோயாளி ஒருவரின் சிகிச்சைக்கான பணம் பெரும்பாலும் சமூகத்தின் பணமாகவே உள்ளது. ஜும்ஆத் தொழுகையின் பின்னரான வசூல், ஸகாத் நிதி, ஆலயங்களின் உதவி, புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பும் பணம் என்பன இணைந்தே ஒரு பயணச்சீட்டும் ஒரு சத்திரசிகிச்சையும் சாத்தியமாகின்றன. நமது மக்களின் ஈகை சாதாரணமானதன்று. தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மேற்கொள்ளப்பட்ட நடைபயணத்துக்கு எல்லா இனத்தவரும் வாரி வழங்கினர். மஹரகம வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் பெறுவதற்காகக் கதீஜா பவுண்டேஷன் 2016இல் ஆரம்பித்த நிதி திரட்டலிலும் இன, மத பேதமின்றி மக்கள் பங்கேற்றனர். இவ்வளவு பெருந்தன்மையோடு வழங்கப்படும் பணம், பயன் நிரூபிக்கப்படாத சிகிச்சைக்குச் செல்லுமாயின் அது அதே நிதியை எதிர்பார்த்திருக்கும் மற்றொரு நோயாளிக்கு இழைக்கும் அநீதியும் ஆகும்.

வறிய நாடுகள் செல்வந்த நாடுகளின் இயந்திரங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் நமது அண்டை நாடு உணர்த்தியுள்ளது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை தலைமையில் இந்தியாவின் 11 நிலையங்களில் மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குட்பட்ட சுமார் 1,600 பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. கட்டியை அகற்றுவதற்குச் சில நிமிடங்கள் முன்னர், விறைப்பதற்குப் பயன்படும் மலிவான லிடோகெயின் மருந்து அதனைச் சுற்றிச் செலுத்தப்பட்டது. 2023இல் வெளியான முடிவின்படி, ஐந்தாண்டுகளின் பின்னர் உயிர்வாழ்ந்தோர் 86.4 வீதத்திலிருந்து 90.1 வீதமாக உயர்ந்தனர். ஏனைய நாடுகளின் ஆய்வுகளும் இதனை உறுதிப்படுத்த வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் கேள்வியைச் சரியாகக் கேட்டால், நமது பிராந்தியத்திலேயே நமது வசதிக்கு ஏற்ற விடையைத் தேடலாம் என்பதற்கு இது சான்று. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் 1980களின் தொடக்கத்திலேயே மாநகரின் நோயாளர்களைப் பதிவு செய்யும் பணியை ஆரம்பித்திருந்தது. நோயாளர்களை எண்ணத் தெரியாத இடத்தில் சிகிச்சையின் பலனை அளக்க முடியாது.

எனவே சுகாதார அமைச்சு மூன்று விடயங்களில் கவனம் செலுத்த வேண்டும். முதலாவதாக, சத்திரசிகிச்சை நிபுணர், புற்றுநோய் நிபுணர், கதிரியக்கவியல் நிபுணர் ஆகியோர் கூடி எடுக்கும் தீர்மானத்தை நோயாளியின் கையில் எழுத்து மூலம் வழங்குவது கட்டாயமாக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, அத்தீர்மானமும் சத்திரசிகிச்சைக்கான சம்மதப் படிவமும் தமிழில் இருத்தல் வேண்டும். 13ஆவது திருத்தத்தின் மூலம் 1987இல் அரசகரும மொழியாக்கப்பட்ட தமிழ், சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாசலில் மௌனமாகிவிடக் கூடாது. மூன்றாவதாக, ஹைபெக் போன்ற சிக்கலான சிகிச்சைகள் அளிக்கப்படுமிடத்து, அவை போதிய பயிற்சி பெற்ற ஓரிரு நிலையங்களில் மட்டும் நடைபெற்று, அவற்றின் பலனும் சிக்கல்களும் பகிரங்கமாகப் பதிவு செய்யப்பட வேண்டும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய அறங்காவலர்களும் உதவி கோரி வருவோரைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்பதன்று நமது கருத்து. அந்த வைத்தியக் குழுவின் தீர்மானத்தைக் கேட்டுப் பெற்று, இச்சிகிச்சையால் இந்நோயாளிக்கு எத்தகைய பயன் எதிர்பார்க்கப்படுகிறது என்பதை வைத்தியரிடம் விசாரித்து உதவுமாறே வேண்டுகிறோம். சில வேளைகளில் அவ்விசாரணையின் விடை சென்னைக்கான பயணமாக இருக்கும். வேறு சில வேளைகளில் வலி தணிக்கும் மருந்தும், பிள்ளைகளின் கல்விக்கான பணமும், வீட்டாரின் அருகாமையுமே அந்நோயாளிக்கு அளிக்கக்கூடிய உயர்ந்த உதவியாக இருக்கும். இந்த உண்மையை உரிய நேரத்தில், புரியும் மொழியில் எடுத்துரைக்கும் பொறுப்பிலிருந்து வைத்தியத் துறை விலகி நிற்க முடியாது.