கலைக்கு வரும் பணம் எந்தக் கருவூலத்திலிருந்து வருகிறது?

சிங்கப்பூரில் நகரமும் நாடும் ஒன்றே. பிற ஊர்களில் மாநகராட்சி செய்யும் பணிகளை அங்கே அரசாங்கம் நேரடியாகச் செய்கிறது. குப்பை அள்ளுவது முதல் நாடக மேடைக்கு மானியம் தருவது வரை எல்லாவற்றுக்கும் ஒரு வாரியம் உண்டு, ஒரு திட்டம் உண்டு, ஒரு காலக்கெடு உண்டு. ஒரு நகரம் தன் கலையையும் பண்பாட்டையும் எவ்வாறு திட்டமிட்டு, எங்கிருந்து பணம் எடுத்து வளர்க்கிறது என்று அறிய விரும்புவோருக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு அந்த ஊரோடு இருநூறு ஆண்டு உறவு இருப்பதால், அதன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் உரிமையும் ஓரளவு உண்டு.

1989இல் அன்றைய துணைப் பிரதமர் ஓங் டெங் சியோங் தலைமையிலான ஆலோசனைக் குழு ஓர் அறிக்கை அளித்தது. அதன் பயனாக 1991இல் தேசியக் கலைகள் மன்றமும், 1993இல் தேசிய மரபுடைமைக் கழகமும் தோன்றின. 2000ஆம் ஆண்டில் ‘மறுமலர்ச்சி நகரம்’ என்ற திட்டம் வந்தது. ஐந்தாண்டுகளுக்கு ஐந்து கோடி வெள்ளி ஒதுக்கினார்கள். 2002இல் எஸ்பிளனேட் அரங்கம் திறக்கப்பட்டது. 2012இல் வெளியான ஆய்வறிக்கை இன்னும் துணிவாக எண்களைப் பேசியது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் கலை நிகழ்ச்சிக்குச் செல்வோர் நூற்றுக்கு 40 பேர் என்றிருப்பதை 2025க்குள் 80 ஆக்குவது, தாமே கலையில் ஈடுபடுவோரை 20இலிருந்து 50 ஆக்குவது என்று இலக்கு வைத்தது. இப்போது 2023 முதல் 2027 வரையிலான கலைத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது.

கலையை இப்படி விழுக்காட்டில் அளப்பது சிலருக்கு எரிச்சலூட்டும். எனக்கு அதில் பெரிய மனக்குறை இல்லை. பேருந்து வழித்தடத்தைத் திட்டமிடும் அக்கறையோடு பாட்டையும் ஓவியத்தையும் பழைய கட்டடங்களையும் ஒரு நகரம் திட்டமிடுகிறது என்றால் அது மதிக்கத்தக்கதே. என் கேள்வி திட்டத்தைப் பற்றியதன்று, பணத்தைப் பற்றியது.

அந்தப் பணம் மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, வரிப்பணம். இரண்டாவது, தனியார் நன்கொடை. மூன்றாவது, டோட் போர்டு எனப்படும் வாரியத்தின் நிதி. முதலிரண்டையும் எல்லாரும் அறிவர். மூன்றாவதைத்தான் நாம் நின்று பார்க்க வேண்டும்.

சட்டவிரோதச் சூதாட்டத்தை ஒடுக்குவதற்காக 1968இல் ‘சிங்கப்பூர் பூல்ஸ்’ என்ற நிறுவனத்தை அரசு தொடங்கியது. மக்கள் எப்படியும் சூதாடுவார்கள், அந்தப் பணம் குண்டர்கள் கைக்குப் போவதைவிடப் பொதுநலனுக்கு வரட்டும் என்பதே அதன் தர்க்கம். குலுக்கல் சீட்டு விற்ற பணம் 1973இல் திறக்கப்பட்ட பழைய தேசிய விளையாட்டரங்கைக் கட்ட உதவியது. 1988இல் டோட் போர்டு அமைந்தது. 2004 முதல் சிங்கப்பூர் பூல்ஸ் அதன் முழு உடைமையாயிற்று. டோட்டோ, 4டி முதலியவற்றின் உபரி அங்கேதான் போய்ச் சேர்கிறது. 2010இல் இரண்டு கேசினோக்கள் திறந்த பிறகு, உள்ளே நுழையும் உள்ளூர்வாசிகள் கட்டும் நுழைவுக் கட்டணமும் அங்கேயே போகிறது. தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 100 வெள்ளி, 2019 முதல் 150 வெள்ளி. இந்த வாரியம் முதியோர் இல்லங்களுக்கும் கல்விக்கும் விளையாட்டுக்கும் தருவதைப் போலவே கலைக்கும் மரபுடைமைக்கும் தருகிறது. ‘டோட் போர்டு கலை நிதி’ என்று தனியே ஒன்று உண்டு. எஸ்பிளனேட் நடத்தும் சமூக நிகழ்ச்சிகளுக்கும் இந்த வாரியக் குடும்பம் ஆதரவளிக்கிறது.

(அதே 1968ஆம் ஆண்டில்தான் தமிழ்நாட்டு அரசும் பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. பரிசு விழுந்தால் உன் வீட்டுக்கு லாபம், விழாவிட்டால் நாட்டுக்கு லாபம் என்ற பொருளில் அன்று விளம்பரம் செய்தார்கள். எத்தனையோ வீடுகள் அழிந்த பிறகு 2003இல் தமிழ்நாடு லாட்டரியைத் தடை செய்தது. கடல் கடந்து இரண்டு ஊர்களில் ஒரே ஆண்டில் ஒரே சிந்தனை; முடிவுதான் வேறு.)

இங்கே ஒரு முஸ்லிமுக்கு அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் நினைவுக்கு வராமல் போகாது. மதுவையும் சூதாட்டத்தையும் பற்றிக் கேட்டவர்களுக்கு அல்லாஹ் அளித்த பதிலில், அவற்றில் மக்களுக்குச் சில பயன்கள் இருப்பது மறுக்கப்படவில்லை. பயனைவிடப் பாவம் பெரிது என்றுதான் சொல்லப்பட்டது. அந்தப் பயன் என்ன என்பதற்கு விரிவுரையாளர்கள் தரும் விளக்கம் இன்றைய டோட் போர்டை அறிந்தவரைத் திடுக்கிட வைக்கும். அறியாமைக் காலத்து அரபிகள் ஒட்டகத்தை அறுத்துப் பங்கு வைத்து, பத்து அம்புகளைக் கொண்டு குலுக்குவார்கள். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு, மூன்றுக்கு இல்லை. தோற்றவர் ஒட்டகத்தின் விலையைத் தருவார். வென்றவரோ இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமை கொள்வார். பஞ்சமும் குளிரும் வாட்டும் காலத்தில் அது ஏழையின் உணவாயிற்று. இந்த ஆட்டத்தில் சேராதவனைக் கஞ்சன் என்று இகழ்ந்தார்கள்.

அதாவது, இஸ்லாம் தடுத்த ‘மைஸிர்’ ஏழைக்குச் சோறு போட்ட சூதாட்டம். தருமத்தின் ஆடை அணிந்து வந்ததை, அந்த ஆடையைக் கண்ட பின்னரும், மார்க்கம் விலக்கியது. பின்னர் அல்மாயிதா 90ஆம் வசனம் அதை அறவே தடுத்தது. ஆகவே “இந்தப் பணம் நல்ல காரியத்துக்குத்தானே போகிறது” என்ற வாதம் நமக்குப் புதியதன்று.

அப்படியானால் அந்த மானியத்தை ஒரு முஸ்லிம் கலைஞரோ ஜமாஅத்தோ பெறலாமா? இங்கே அவசரத் தீர்ப்பு கூடாது. உரிமையாளர் இன்னாரென்று அறிய முடியாத தகாத பணத்தைப் பாலம் முதலிய பொதுநலப் பணிகளில் செலவிடலாம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) சொன்னதை இமாம் நவவி (ரஹ்) தம் நூலில் எடுத்தாள்கிறார்கள். பலவகைப் பணமும் கலந்த கருவூலத்திலிருந்து பெறுவதை அனுமதித்த அறிஞர்களும் உண்டு, பேணுதலுக்காக விலகியோரும் உண்டு. தனிமனிதர் தமக்குரிய தீர்ப்பைத் தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். நான் கவனிக்க விரும்புவது, கஸ்ஸாலி அவர்கள் ‘இஹ்யா’வில் ஹலால், ஹராம் பற்றிய பகுதியில் கையாண்ட முறையை. மன்னரிடமிருந்து உதவித்தொகை பெறலாமா என்ற கேள்வியை அவர்கள் ஒரே சொல்லில் முடித்துவிடவில்லை. அந்தத் தொகை மன்னரின் எந்த வருவாயின் மீது எழுதப்பட்டது? வாரிசற்ற சொத்தா, வக்ஃபா, விலைக்கு வாங்கிய நிலமா, மக்களிடம் பறித்த வரியா? ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பதில் சொல்கிறார்கள். ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்க்க அறிஞர் அரசக் கருவூலத்தின் கிளைக் கணக்குகளை இவ்வளவு நுணுக்கமாகக் கேட்டிருக்கிறார்.

இன்றைய நகர அரசிடமும் அதையே கேட்கலாம். மானியத்துக்கு விண்ணப்பிப்பவர், அது எந்தப் பையிலிருந்து வருகிறது என்பதை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே காண வேண்டும். வரிப்பணம் என்றால் வரிப்பணம், டோட் போர்டு என்றால் டோட் போர்டு, கலப்பு என்றால் இன்ன அளவில் கலப்பு. சூதாட்டப் பணத்தை ஏற்க மனம் ஒப்பாதவருக்கு அதே தகுதியில் வரிப்பணத்திலிருந்து பெறும் வாசல் ஒன்று திறந்திருக்க வேண்டும். இது சலுகை கோருவதன்று. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரில் 15 வயதுக்கு மேற்பட்ட வாசிகளில் 15.6 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். அவர்களும் வரி செலுத்துகிறார்கள். இந்தத் தயக்கம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதுமன்று. கேசினோ பற்றிய விவாதம் 2005ஐ ஒட்டி நடந்தபோது கிறித்தவத் திருச்சபைகளும் தம் எதிர்ப்பைத் தெரிவித்தன.

மார்க்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் இந்த ஏற்பாட்டில் ஒரு நெருடல் உண்டு. தம் வருமானத்தில் பெரிய பங்கைக் குலுக்கலில் இழப்பவர் வசதி குறைந்தவர் என்பது பல நாடுகளிலும் கண்ட உண்மை. அரங்குகளில் குளிர்ந்த இருக்கைகளில் அமர்ந்து இசை கேட்போரோ பெரும்பாலும் படித்தவர், வசதியுள்ளவர். 4டி கடை வாசலில் வரிசையில் நிற்கும் முதியவரின் ஓய்வுக்காலக் காசு, அவர் ஒருபோதும் நுழையாத அரங்கத்தை நடத்த உதவுகிறது. கலைக்காகச் செலவிட ஒரு நகரம் உண்மையாகவே விரும்பினால், அதை வரவுசெலவுத் திட்டத்தில் எழுதி, நாடாளுமன்றத்தில் வாதாடிப் பெறட்டும்.

“நமக்கு ஏன் இந்தக் கவலை? ஆடலும் பாடலும் நம் வேலையா?” என்று கேட்கும் சகோதரர்கள் உண்டு. அவர்கள் தெலுக் ஆயர் தெருவில் ஒரு முறை நடந்து பார்க்கட்டும். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா அங்கே நிற்கிறது. 1974இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட அக்கட்டடம் 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது. சற்றுத் தள்ளி அல்அப்ரார் பள்ளி, சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளி. 1872இல் அவ்வூரில் அச்சான ‘முன்னாஜாத்துத் திரட்டு’, சிங்கப்பூரின் மிகப் பழைய தமிழ் நூல்களுள் ஒன்று. பாடியவர் நாகூரைச் சேர்ந்த முகம்மது அப்துல் காதிறுப் புலவர். 1887இல் ‘சிங்கை நேசன்’ இதழை நடத்தியவர் மகுதூம் சாயபு. தர்கா வழிபாடு பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அந்தச் சுவர்களும் அச்செழுத்துகளும் நம் முன்னோர் அங்கே வாழ்ந்ததற்குச் சான்று. நகரம் ‘கலை, பண்பாடு’ என்று சொல்லும்போது இவையும் அதில் அடங்கும். அவற்றைப் பேணும் செலவைப் பங்கிடும் மேசையில் நாம் இல்லையென்றால், எது பேணத்தக்கது என்பதைப் பிறர் முடிவு செய்வார்கள்.

தூய வழிகளும் இல்லாமலில்லை. 2013இல் அரசு 20 கோடி வெள்ளியுடன் ஓர் இணை நிதியைத் தொடங்கியது. கலைக்கோ மரபுடைமைக்கோ பணியாற்றும் பதிவுபெற்ற அறநிறுவனத்துக்குத் தனியார் ஒரு வெள்ளி தந்தால், அரசு தன் பங்காக இன்னொரு வெள்ளி தரும். ஹலாலான உழைப்பில் வந்த ஒரு வெள்ளி இரண்டாகிறது. நம்மவர் இதை எவ்வளவு பயன்படுத்தினோம்? ஸதக்கா என்றவுடன் பள்ளிவாசல் விரிப்பும் நோன்புக் கஞ்சியும் மட்டும் நினைவுக்கு வருவது நம் குறை. பழைய கையெழுத்துப் படிகளைப் பாதுகாக்கவும், அரபுத் தமிழ் எழுத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும், முன்னாஜாத்துகளையும் பைத்துகளையும் பாட அறிந்த முதியவர்களைப் பதிவு செய்யவும் தரும் காசும் ஸதக்காதான். நூலகத்துக்கும் கல்விக்கூடத்துக்கும் வக்ஃபு எழுதி வைத்த உம்மத் நாம்.

சிறு காசு சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை அந்த ஊர் முஸ்லிம்களே செய்து காட்டியிருக்கிறார்கள். 1975இல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கியபோது, வேலைக்குச் செல்லும் ஒவ்வொரு முஸ்லிமின் மத்திய சேம நிதி வழியாகவும் மாதம் 50 காசு பிடித்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1977இல், தோ பாயோவில் முஹாஜிரீன் பள்ளி எழுந்தது. அதன் பின் குடியிருப்புப் பேட்டைகள்தோறும் பள்ளிகள் எழுந்தன. எவரிடமும் குலுக்கல் பணம் கேட்டு நிற்கவில்லை. அதே வழியில் ஒரு பண்பாட்டு வக்ஃபு ஏன் கூடாது?

இன்னொன்று இப்போதே கையில் இருக்கிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 18 வயது நிறைந்த ஒவ்வொரு சிங்கப்பூரருக்கும் கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளில் செலவிட 100 வெள்ளி வழங்கப்பட்டது. 2028 இறுதி வரை அது செல்லும். எங்கே செலவிடுவது என்பதைக் குடிமகனே முடிவு செய்கிறான். ஆனால் நம் மரபைச் சொல்லும் நிகழ்ச்சியோ நடைவலமோ அந்தப் பட்டியலில் இருந்தால்தானே அதற்குச் செலவிட முடியும்? அதை ஏற்பாடு செய்து பட்டியலில் சேர்க்க நம் சங்கங்கள் முன்வர வேண்டும்.

இப்போதைய கலைத் திட்டம் 2027உடன் முடிகிறது. அடுத்ததை வகுக்கும் நேரம் நெருங்கிவிட்டது. கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்படும் நாளில், எந்தக் கருவூலத்திலிருந்து என்ற கஸ்ஸாலியின் கேள்வியை எழுதி எடுத்துக்கொண்டு போக நம் ஜமாஅத்துகளில் இரண்டு மூன்று பேர் ஆயத்தமாக இருக்கட்டும்.