முகமும் பெயரும் யாருக்குச் சொந்தம்?

உங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஒருவன் இருந்தால், டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அவன் மணிக்கணக்கில் பந்து விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். பந்தும் கிடையாது, மைதானமும் கிடையாது. களைப்பு மட்டும் நிஜமாகவே வந்துவிடுகிறது! "சாப்பிட வாடா" என்று மூன்று தடவை கூப்பிட்ட பிறகு, "இதோ, இந்த ஆட்டம் முடியட்டும் அம்மா" என்று பதில் வரும். அந்த ஆட்டம் எப்போதுமே முடிவதில்லை என்பது தாய்மார்கள் அனைவரும் அறிந்த விஷயம்.

அப்படிப்பட்ட வீடியோ விளையாட்டு ஒன்றைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். அதன் பெயர் 'காலேஜ் ஃபுட்பால்'. அமெரிக்காவில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கம்பெனி தயாரிப்பது. "அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் பந்து ஆடினால் நமக்கு என்ன வந்தது?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படித்தால், சங்கதி நம் தர்மபுரி ஜில்லா வரையில் வந்து சேருவதைக் காண்பீர்கள்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயர்தான் கால்பந்து, பெரும்பாலும் கையால்தான் ஆடுகிறார்கள். பந்து முட்டை வடிவில் இருக்கும். கட்சிக்கு 11 பேர். மைதானம் 100 கெஜ நீளம். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிர்க் கட்சிக்குப் போய்விடும். ஆடித் தள்ளுபடியன்று ஜவுளிக் கடைக்குள் புகுந்து, வேண்டிய புடவையோடு வெளியே வந்தவர்களுக்கு இந்த ஆட்டத்தின் தத்துவத்தை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அந்த நாட்டில் கல்லூரி ஆட்டம் என்றால் திருவிழாதான். மிச்சிகன் சர்வகலாசாலையின் மைதானத்தில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். அந்தத் திருவிழாவை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவருகிறது இந்த விளையாட்டு. 2024 ஜூலை 19-ஆம் தேதி வெளிவந்த பதிப்பில் 134 கல்லூரிகளின் அணிகள் இருந்தன. சொந்த மைதானத்தில் ஜனங்கள் போடும் கூச்சலில், வந்த அணியை ஆடுகிறவனுடைய திரையே நடுங்கும்படி அமைத்திருந்தார்கள். 2025 ஜூலை 10-ஆம் தேதி வந்த பதிப்பில் கல்லூரிகள் 136 ஆயின. நிஜமான பயிற்சியாளர்கள் 300 பேருக்கு மேல் தங்கள் பெயரோடு வந்து சேர்ந்தார்கள். ஒரு பையன் உயர்நிலைப் பள்ளியில் ஆடுவதிலிருந்து தொடங்கி, கல்லூரியில் இடம் பிடிப்பது வரையில் கதை போல ஆடவும் வசதி செய்தார்கள்.

புதிதாக என்ன வரும் என்று காத்திருப்பதும் இந்த விளையாட்டுக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு. அடுத்த பதிப்புக்கு முன்னால், இது வேண்டும், அது வேண்டும் என்று தீபாவளிப் பட்சணப் பட்டியல் மாதிரி எழுதி வைக்கிறார்கள். அந்தப் பட்டியலில் என் மனத்தைத் தொட்டது ஒன்று உண்டு. 2025 பதிப்பு வரையில் பெரிய கல்லூரிகளுக்குத்தான் சொந்தப் பெயரும் கொடியும் இருந்தன. அடுத்த படியிலுள்ள சின்னக் கல்லூரிகளைத் திசையின் பெயரைச் சொல்லி, பொதுவான அணிகளாகப் போட்டுவிட்டார்கள். பெரிய அணிகளிடம் தோற்பதற்காகவே வந்தவர்கள் மாதிரி, அவர்களுக்கு ஊரும் இல்லை, பெயரும் இல்லை. "எங்கள் கல்லூரியையும் அதன் பெயரோடு சேருங்கள்" என்பது வெகு நாளையக் கோரிக்கை. சின்ன ஊரில் படித்தவர்களுக்கு அந்த ஏக்கம் புரியும்.

தாய்மார்களுக்கு இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இந்த விளையாட்டில் 'அல்டிமேட் டீம்' என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் ஆட்டக்காரர்களின் படச் சீட்டுகளைக் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். கட்டைப் பிரித்த பிறகுதான் உள்ளே யார் என்று தெரியும். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று நிஜப் பணம் போய்க்கொண்டே இருக்கும். விளையாட்டை ஒரு தடவை வாங்கிக் கொடுத்ததோடு செலவு தீர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் பாங்குக் கார்டின் எண் அந்தப் பெட்டியில் பதிவாகி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2024-க்கு முன்னால் இந்த வரிசையில் கடைசிப் பதிப்பு வந்தது 2013-ல். நடுவில் 11 வருஷம் விளையாட்டே கிடையாது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த சரக்கை ஒரு கம்பெனி ஏன் நிறுத்திற்று?

எட் ஓபேனன் என்று ஒருவர். கூடைப்பந்து ஆட்டக்காரர். 1995-ல் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள சர்வகலாசாலைக்குத் தேசியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர்களில் முதன்மையானவர். பிற்காலத்தில் மோட்டார் கார் விற்கும் கடையில் வேலை பார்த்தார். ஒரு நாள் நண்பர் ஒருவரின் வீட்டில், நண்பரின் மகன் ஆடிக்கொண்டிருந்த கல்லூரிக் கூடைப்பந்து வீடியோ விளையாட்டில் தம்மையே பார்த்தார்! அதே 31-ஆம் நம்பர் சட்டை, அதே நிறம், அதே இடது கைப் பழக்கம். பெயர் ஒன்றுதான் இல்லை. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்ததாம். இதற்காக அவருக்குக் காலணாக் கூடக் கிடைக்கவில்லையே என்று நண்பர் எடுத்துக் காட்டிய பிறகுதான், அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

அந்தக் காலத்து அமெரிக்க விதி விசித்திரமானது. கல்லூரிக்காக ஆடும் மாணவன் தன் பெயரையோ முகத்தையோ கொண்டு ஒரு காசு சம்பாதிக்கக் கூடாது. சம்பாதித்தால் ஆட்டத்திலிருந்து நீக்கி விடுவார்கள். ஆனால் அவன் ஆட்டத்தைக் காட்டி மற்றவர்கள் சம்பாதிக்கலாம்! ஓபேனன் 2009-ல் கோர்ட்டுக்குப் போனார். ஸாம் கெல்லர் என்ற இன்னோர் ஆட்டக்காரரும் அதே வருஷம் வழக்குப் போட்டார். விளையாட்டுக் கம்பெனியும், கல்லூரிச் சங்கமும், அவர்களோடு சேர்ந்தவர்களும் ஆட்டக்காரர்களுக்கு மொத்தம் 6 கோடி டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ள நேர்ந்தது. 2014-ல் கிளாடியா வில்க்கன் என்ற பெண் நீதிபதி, ஓபேனன் பக்கம் நியாயம் இருப்பதாகத் தீர்ப்பளித்தார். வீடியோ விளையாட்டு நின்றது இப்படித்தான்.

அந்த விதியால் பெண்களுக்கு நேர்ந்ததையும் கேளுங்கள். இதே கம்பெனி 2015-ல், நாம் ஆடுகிற கால்பந்துக்கான தன் விளையாட்டில் முதன் முறையாகப் பெண்கள் அணிகளைச் சேர்த்தது. 12 நாடுகளின் அணிகள். பெண்களுக்குப் பெரிய கௌரவம் அல்லவா? ஆனால் வெளியீட்டுக்குச் சில நாட்கள் முன்பு 13 பெண்களின் பெயர்களை எடுத்துவிட்டார்கள். காரணம், அவர்கள் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடுகிறவர்கள் அல்லது ஆடப் போகிறவர்கள். விளையாட்டில் அவர்கள் முகம் வந்தால் கல்லூரியில் ஆடும் தகுதியே போய்விடலாம் என்று சங்கம் எச்சரித்தது. தன் நாட்டுக்காக ஆடும் ஒரு பெண், தன் முகம் எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று தானே தீர்மானிக்க முடியவில்லை!

2021 ஜூலை முதல் தேதி அந்த விதி தளர்ந்தது. பெயரும் முகமும் மாணவர்களுக்கே சொந்தம் என்று ஒப்புக்கொண்டார்கள். பிறகுதான் வீடியோ விளையாட்டு திரும்பி வந்தது. 2024 பதிப்புக்காக ஒவ்வோர் ஆட்டக்காரரிடமும் சம்மதம் கேட்டார்கள். சம்மதித்தவருக்கு 600 டாலரும் விளையாட்டின் பிரதி ஒன்றும் கொடுத்தார்கள். அன்றைய மதிப்பில் சுமார் 50,000 ரூபாய். அதிலே வரும் லாபத்தைப் பார்த்தால் இது பெரிய தொகை என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் பத்தாயிரம் பேருக்கு மேல் சம்மதித்தார்கள். சம்மதிக்காதவருடைய இடத்தில் கற்பனை ஆள் ஒருவனை நிறுத்தினார்கள்.

திரை நடுங்குவதும், பயிற்சியாளர் பெயர் வருவதும் வேடிக்கைதான். என்னைக் கேட்டால், இந்த விளையாட்டில் வந்த புதுமைகளிலெல்லாம் பெரிய புதுமை, கேட்டுவிட்டு முகத்தைப் போட்டார்களே, அதுதான்.

ஆனால் இது உண்மையில் புதுமையா? தர்மபுரிக்கு வாருங்கள்.

தர்மபுரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒகேனக்கல் அருவியைப் பார்த்து, எண்ணெய்க் குளியல் போட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். ஊருக்குள் தொல்பொருள் துறையினரின் அகழ்வைப்பகம் ஒன்று இருக்கிறது. அங்கே ஜில்லாவிலிருந்து சேகரித்த நடுகற்களை வைத்திருக்கிறார்கள். அதியமான் ஆண்ட தகடூர் அல்லவா இது? ஆநிரைகளைக் கவர வந்தவர்களோடு போராடி மாண்ட வீரர்களுக்கு எழுப்பிய கற்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம்.

ஒரு நடுகல்லில் என்ன இருக்கும்? கையில் ஆயுதத்தோடு வீரனுடைய உருவம். எழுத்துள்ள கல்லானால் எந்த மன்னனுடைய எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்ச் சண்டை, அவன் பெயர் என்ன என்பதெல்லாம் இருக்கும். அவன் மன்னன் அல்லன், ஊர்க்காரன்தான். ஆனாலும் பெயர் உண்டு. மாண்டவனுடைய குடும்பத்துக்கு நிலம் விடுகிற வழக்கமும் இருந்தது. அதற்கு உதிரப்பட்டி என்று பெயர். உதிரம் சிந்தியதற்காக விட்ட நிலம்.

பக்கத்துத் திருவண்ணாமலை ஜில்லாவில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. அதில் வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கள்வரைக் கடித்துக் காவல் நின்ற நாய். அதன் பெயர் கோவிவன் என்றும் எழுதி வைத்தார்கள். நாய்க்குக் கூடப் பெயரை விடவில்லை பாருங்கள்! முகம், பெயர், குடும்பத்துக்கு ஒரு வழி, இவை மூன்றும் சேர்ந்தால்தான் மரியாதை என்று இந்தக் கரட்டு நிலத்து ஜனங்கள் அன்றைக்கே அறிந்திருந்தார்கள்.

இன்று அதே தர்மபுரியில் என்ன நடக்கிறது? தர்மபுரியில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதும்தான். பரீட்சை முடிவு வந்த மறுநாள் பஸ் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். மாடி உயரத்துக்குப் பேனர் கட்டி, பிள்ளைகள் முகத்தை வரிசையாகப் போட்டிருப்பார்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் ஓடி ஜயித்த பெண்ணானாலும், சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துக் கல்லூரிகளுக்கிடையே நடக்கும் பந்தயத்தில் பதக்கம் வாங்கிய பெண்ணானாலும், அவள் படம் யாரோ ஒருவருடைய வியாபாரத்துக்கு விளம்பரமாகி விடலாம். செல்போன் வந்த பிறகு பேனர் கட்டும் செலவும் இல்லை. அவளைக் கேட்டார்களா? அநேகமாக இல்லை.

பெருமைதானே என்பீர்கள். பெருமைதான், ஓபேனனுக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் எல்லா வீடும் ஒன்றல்லவே! "பெண்ணின் படம் தெருவில் தொங்குகிறதே, நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று பயந்து, அவள் ஓடுவதையே நிறுத்திவிடும் வீடுகளும் உண்டு. படம் போட்டவர்களுக்கு விளம்பரம் கிடைத்துவிட்டது. பெண்ணுக்கு மைதானம் போய்விட்டது. கேட்காமல் செய்வதில் உள்ள அநியாயம் இதுதான்.

நம் நாட்டு நீதிமன்றங்கள் சும்மா இருக்கவில்லை. ஆட்டோ சங்கர் வழக்கு என்று பிரசித்தமான வழக்கில், 1994-லேயே உச்ச நீதிமன்றம் ஒருவருடைய பெயரையும் உருவத்தையும் சம்மதமின்றி உபயோகிப்பது அவரது அந்தரங்க உரிமையில் கை வைப்பதாகும் என்று எடுத்துச் சொன்னது. 2015-ல் நடிகர் ரஜினிகாந்த், தம் பெயரை வைத்து எடுத்த ஓர் இந்திப் படத்தை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வெற்றி பெற்றார். படத்தின் பெயரை மாற்றும்படி ஆயிற்று. 2023-ல் வந்த தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டமோ, 18 வயது நிரம்பாதவர்களுடைய விவரங்களைக் கணினி வழியாகக் கையாளுவதற்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது.

ஆனால் ரஜினிகாந்த் கோர்ட்டுக்குப் போகலாம். பென்னாகரத்திலும் அரூரிலும் இருக்கும் ஒரு தகப்பனார் படத்துக்காக வக்கீல் வைக்க முடியுமா? முடியாது. அதனால்தான் கேட்கிற பழக்கம் நம் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன்.

உங்கள் பெண்ணின் படத்தைப் பள்ளிக்கூடத்தாரோ, பயிற்சி நிலையத்தாரோ, கடைக்காரரோ கேட்டு வந்தால், கூச்சப்படாமல் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதற்காகப் போடுகிறீர்கள்? எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? விளம்பரம் என்றால், அவளுக்கு என்ன செய்வீர்கள்? பணமாகத்தான் வேண்டும் என்பதில்லை. ஒரு ஜோடி ஓட்டக் காலணி, ஒரு வருஷப் பயிற்சிக் கட்டணம், எதுவானாலும் சரி. கேட்காமலே போட்டுவிட்டார்களானால் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்; அதன் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அது நமக்கே. வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதானாலும், பெண்ணின் படத்தை எடுத்தவுடன் தட்டி விடுகிறோம் அல்லவா? அதற்கு முன்னால் அவளை ஒரு வார்த்தை கேளுங்கள். "வேண்டாம் அம்மா" என்று அவள் சொன்னால், ஏன் என்று அதட்டாமல் விட்டுவிடுங்கள். முகம் அவளுடையது. அவளுக்கு அது முதலில் தெரிய வேண்டிய இடம் நம் வீட்டுக் கூடம்தான்.