மடிக் கிடாருக்கு மெல்லிய தந்தி வேண்டாம்

கொல்கத்தாத் தமிழர் வீடுகளில் பாட்டு, வீணை, மிருதங்கம் இவற்றோடு ஹவாயன் கிடாரும் நுழைந்து வெகு காலமாகிறது. ஹவாயிலிருந்து வந்த டௌ மோ குடும்பத்தார் 1940களில் இந்த ஊரில் தங்கி வாசித்தார்கள். ரவீந்திர சங்கீதத்துக்குப் பொருந்திப் போனதால் வங்காளிகள் அதை விடவில்லை. வழுக்கி இழைய வல்ல வாத்தியம். நம் கமகத்துக்கும் ஏற்றதே.

ஆனால் ஆறே மாதத்தில் வகுப்பை நிறுத்திவிடும் குழந்தைகளையும் பார்க்கிறேன். "கை வரவில்லை" என்கிறார்கள் பெற்றோர். கையைக் குறை சொல்லுமுன் தந்தியைப் பாருங்கள் என்பது என் கட்சி.

குழந்தைக்கு விரல் நோகக் கூடாதென்று பத்தாம் எண் செட்டை, அதாவது முதல் தந்தி அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு கனமுள்ளதை, வாங்கி மாட்டுகிறார்கள். ஸ்பானிஷ் கிடாருக்கு இது நியாயம். அங்கே விரலால் அழுத்த வேண்டும். மடியில் கிடத்தி வாசிக்கும் எலெக்ட்ரிக் கிடாரில் அழுத்தும் வேலையே இல்லை. எஃகு பார் தந்தியின் மேல் உட்கார்ந்து நகர்கிறது, அவ்வளவுதான். மெல்லிய தந்தி அந்தப் பாரத்தில் தொய்யும், சுருதி ஏறும். பார் உரசும் ஓசையை ஆம்ப்ளிஃபயர் ஊருக்கே சொல்லும்.

கேஜ் என்றாலே ரயில்வேக்காரனுக்குக் கணக்குப் போடக் கை துறுதுறுக்கும். நீளம், அதிர்வெண், விட்டம் மூன்றையும் பெருக்கினால் வருவதன் வர்க்கத்துக்கு ஏற்ப இழுவிசை கூடும். ஸ்பானிஷ் கிடாரின் தந்தி நீளம் 25½ அங்குலம். மடிக் கிடார்கள் பல 22½ அங்குலம். மேல் 'ஈ'க்குக் கூட்டிய பத்தாம் எண் தந்தி அங்கே சுமார் 7.3 கிலோ விசையில் நிற்கும், இங்கே 5.7 கிலோதான். பதினைந்தாம் எண் போட்டால் 13 கிலோ. பார் நிற்க அதுதான் தரை.

இன்னொரு கோளாறு. கடை செட் ஸ்பானிஷ் சுருதிக்கு அமைத்தது. அதை ஈ-ஏ-ஈ-ஏ-சி ஷார்ப்-ஈ என்று ஏ மேஜருக்கு மாற்றினால் 2, 3, 4ஆம் தந்திகள் ஒரு முழு ஸ்வரம் ஏறுகின்றன. அந்த மூன்றில் மட்டும் இழுவிசை 26 சதவீதம் கூடுகிறது. பார் மேடு பள்ளத்தில் ஓடுவதுபோல் ஓடும்.

இந்தச் சுருதிக்கு என் சிபாரிசு: சாதாரண எஃகில் 15, 18, 22; சுற்றுத்தந்தியில் 32, 48, 56. சுற்று நிக்கலாக இருக்கட்டும். வெண்கலச் சுற்றைக் காந்தப் பிக்கப் சரியாக வாங்காது.

தடித்தது அறுந்துவிடும் என்ற பயம் வீண். ஒரே எஃகு, ஒரே நீளம் என்றால், அறுந்து போகும் சுருதி தடித்ததற்கும் மெல்லியதற்கும் ஒன்றே. பயப்பட வேண்டியது பெட்டிக் கிடாருக்கு. இந்த ஆறும் சேர்ந்து மடிக் கிடாரின் கெட்டிக் கட்டையில் 70 கிலோ இழுக்கும். நீளமான பெட்டிக் கிடாரில் அதுவே 90 கிலோவாகும், குதிரை பெயர்ந்துவிடும். அதில் மாட்டவே மாட்டாதீர்கள்.

தந்திகளை எண் சொல்லித் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். மேல்முனைக் காடியில் புதுத் தந்தி இறங்காமல் மேலேயே நின்றால் மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம்.