மாடியில் வெயிலுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு,

கூரைச் சூரிய மின்சாரம் குறித்த தங்கள் கட்டுரையை வரவேற்கிறேன். ஆனால் அது வீட்டுக்காரர்களின் தயக்கத்தை மட்டுமே பேசுகிறது. கட்டித் தருபவரின் பொறுப்பைத் தொடவே இல்லை.

சேலையூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் லிப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்குகளுக்காகச் சோலார் பேனல் பொருத்த முடிவு செய்தோம். பிரதமரின் சூர்யகர் திட்டத்தில் இத்தகைய பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு ரூ.18,000 மானியம் உண்டு. பணமும் தயார், மனமும் தயார். மாடிதான் இடம் கொடுக்கவில்லை! தென்பக்கம் முழுவதும் தண்ணீர்த் தொட்டியும் லிப்ட் அறையும். மீதி இடத்தில் பெரும்பகுதி அவற்றின் நிழலில். மாடியிலிருந்து மீட்டர் பெட்டிவரை வயர் இறக்க ஒரு குழாய்கூடப் பதிக்கவில்லை. கட்டும்போது அற்பச் செலவில் முடிந்திருக்கும் வேலைக்கு இப்போது சுவரை உடைக்க வேண்டும்.

2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. 2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளிலும் சூரிய ஆற்றலுக்கு இடமுண்டு. அந்த விதி கட்டடத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

மாடம்பாக்கம் முதல் பல்லாவரம்வரை அடுக்ககங்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. வரைபட அனுமதியின்போதே நிழல் விழாத மாடிப் பரப்பையும் வயர்க் குழாயையும் குறித்துக் காட்டச் சொல்லி, பணி முடிந்ததும் மாடியேறிப் பார்த்துச் சான்று வழங்க தாம்பரம் மாநகராட்சியும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும் (சிஎம்டிஏ) ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், சேலையூர்