யாருடைய பதினான்காம் நாள்?

"பதினாலாம் நாளை விட்டுட்டா அந்த மாசமே போச்சு." அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டிய எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதை ஒப்பிப்பாள். காலை நேர டிவி நிகழ்ச்சியில் சொல்கிறார்கள், பத்திரிகைக் கேள்வி-பதிலில் எழுதுகிறார்கள், நாத்தனார் போனில் ஞாபகப்படுத்துகிறாள். அண்மையில் ஆவடியில் ஒரு மண்டபத்தில் நடந்த மகளிர் நலக் கூட்டத்தில், மைக்கைப் பிடித்த ஒருவர் கூட்டத்தையே திருப்பிச் சொல்லவைத்தார். பல வருஷம் பொறுத்தாயிற்று.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அடுத்த மாதவிலக்குக்கு 12 முதல் 16 நாள் முன்னால் கருமுட்டை வெளியாகிறது என்று ஜப்பானிய மருத்துவர் க்யுசாக்கு ஓகினோ 1924-லேயே சொல்லிவிட்டார். அதாவது பின்னாலிருந்து எண்ண வேண்டும். 28 நாளுக்கு ஒருமுறை விலக்காகிறவளுக்கு அது 14-ஆம் நாளை ஒட்டி விழும். 35 நாள்காரிக்கு 21-ஐ ஒட்டி. 24 நாளிலேயே வந்துவிடுகிறவளுக்குப் பத்தாம் நாள் வாக்கில் கதை முடிந்திருக்கும். அடுத்த விலக்கு என்றைக்கு என்பது வந்த பிறகுதானே தெரியும்? போதாததற்கு, நம் வீடுகளில் தலைக்கு ஊற்றிக்கொண்ட நாளிலிருந்து எண்ணுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. மருத்துவர் சொல்லும் முதல் நாளோ ரத்தப்போக்கு தொடங்கிய நாள். கூட்டத்தில் முழங்கியவர் இதைச் சொன்னாரா? சொன்னால் முழக்கம் கெட்டுப்போகுமே.

2000-ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 213 பெண்களின் 696 சுழற்சிகளைப் பார்த்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். கருத்தரிக்கக்கூடிய நாட்கள் முழுவதும் சுழற்சியின் 10-லிருந்து 17-ஆம் நாளுக்குள் அடங்கியது சுமார் 30 சதவீதப் பெண்களுக்குத்தான். மிச்சம் 70 சதவீதத்தினருக்கு எட்டு நாள் அகலமே போதவில்லை; பதினாலாம் நாள் முழக்கக்காரர்களோ ஒரே ஒரு நாளைக் குறித்துக் கொடுக்கிறார்கள்.

நாள் எண்ணுகிற வித்தையை நம் அரசாங்கமே ஒருமுறை நம்பிப் பார்த்தது, குழந்தை வேண்டாம் என்பதற்காக. 1950-களின் தொடக்கத்தில், ராஜ்குமாரி அம்ரித் கௌர் சுகாதார அமைச்சராக இருந்தபோது, உலக சுகாதார நிறுவனம் அனுப்பிய ஆபிரகாம் ஸ்டோன் வந்து, மைசூர் ராஜ்யத்து ராமநகரத்திலும் டெல்லி லோதி காலனியிலும் திட்டம் தொடங்கினார். நாளை எண்ண பெண்களுக்கு நிற நிறமாய் மணி கோத்த மாலை கொடுத்தார்கள். பலன் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மணிமாலை போனது, காலண்டர் மட்டும் சுவரில் நிற்கிறது.

சரி, நாள் துல்லியமாகவே தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த நாளுக்காகக் காத்திருப்பது தப்பு. அதே வில்காக்ஸ் குழு 1995-ல் 221 பெண்களிடம் கண்டது இது: முட்டை வெளியாகும் நாளோடு முடிகிற ஆறு நாட்களில் சேர்ந்ததால்தான் கரு தரித்தது. மறுநாள் சேர்ந்ததில் ஒன்றுகூட இல்லை. விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும், முட்டைக்கு ஆயுள் ஒரே நாள். உடல் வெப்பம் ஏறியதைப் பார்த்து ஓடுகிறவர்களுக்கும் இதே பதில்: வெப்பம் ஏறுவது முட்டை வெளியான பிறகு.

இந்த முழக்கம் வீட்டுக்குள் செய்கிற வேலைதான் எனக்குப் பெரிய எரிச்சல். புருஷனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட். இவள் நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். ஸ்கேன் சென்டரில் "இன்னைக்கு கான்டாக்ட் வெச்சுக்கோங்க" என்று சீட்டு எழுதித் தந்துவிட்டார்கள். சூப்பர்வைசரிடம் என்ன காரணம் சொல்லி பெர்மிஷன் கேட்பான்? கேட்டு வாங்கி, மின்சார ரயிலில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தவனுக்கு, பரீட்சைக்குக் கூப்பிட்ட மாதிரி அன்றைக்குப் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேரும் முதுகைத் திருப்பிக்கொண்டு படுக்கிறார்கள். அடுத்த மாசம் "விசேஷம் ஏதாச்சும் உண்டா?" என்று கேட்ட மாமியார், இல்லை என்றதும் "நாளை விட்டுட்டியா?" என்கிறார். விட்டவள் அவள்தானாம்! மாங்காடு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் கொண்டு போகிறவளும் அவள்தான், ஸ்கேனுக்குக் காலை ஏழு மணிக்கு வரிசையில் நிற்பவளும் அவள்தான். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் காரணமும் கலந்திருக்கிறது. அதைப் பேச பதினாலாம் நாளுக்கு நேரமில்லை.

இந்த முழக்கத்தோடு கூடவே உலவும் கதைகளில், இரட்டைப்படை இரவில் சேர்ந்தால் ஆண் குழந்தை, ஒற்றைப்படை என்றால் பெண் என்பதெல்லாம் பதில் சொல்லத் தகுதியில்லாதது. அடிக்கடி சேர்ந்தால் விந்து நீர்த்துப்போகும் என்பது ஆரோக்கியமான ஆணுக்குப் பொருந்தாது. இடுப்புக்குக் கீழே தலையணை வைப்பது தலையணைக்குத்தான் கேடு.

விலக்கு முடிந்ததிலிருந்து ஒன்று விட்டு ஒரு நாள் சேர்ந்திருந்தால் காலண்டரே வேண்டாம். வழுவழுப்பாக இழுபடும் வெள்ளை தெரிகிற நாட்களை மட்டும் தவறவிட வேண்டாம். ஒரு வருஷம் ஆகியும் தங்கவில்லை என்றால், பெண்ணுக்கு 35 தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவருமாக மருத்துவரிடம் போங்கள். விந்துப் பரிசோதனையை முதல் வாரமே முடித்துவிடுங்கள். அதில் ஊசியும் இல்லை, வலியும் இல்லை. கணவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போகாதீர்கள்.