விருதுநகர்ப் புரோட்டாவும் மெக்ஸிகோ மிளகாயும்

உபாத்தியாயர்களுக்கென்றே ஒரு வியாதி உண்டு. மணி அடித்த பிறகும் பாடம் நடத்திக் கொண்டிருப்பார்கள். நமக்கும் அந்த வியாதி இருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம், மதுரையில் விடுதியில் தங்கி வாசிக்கும் விருதுநகர்ப் பையன் ஒருவன், ஊரிலிருந்து கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளே எண்ணெய்ப் புரோட்டா. "நம் நாட்டில் கம்பு இல்லையா, கேழ்வரகு இல்லையா? அயல் தேசத்து மாவைத் தின்று ஏன் வயிற்றைக் கெடுத்துக் கொள்கிறாய்?" என்று பிரசங்கம் செய்தோம். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் ஒன்றும் பேசாமல் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்துக் கொண்டான். அவனுடைய தகப்பனார் புரோட்டாக் கடையில் மாஸ்டர் என்பதும், அவன் அன்று பட்டினி கிடந்தான் என்பதும் சாயங்காலந்தான் நமக்குத் தெரிய வந்தன.

அந்த வாரம் நமக்கு நிம்மதியில்லை. சனிக்கிழமை தெற்கே ரயில் ஏறினோம். திருமங்கலம், கள்ளிக்குடி தாண்டினால் விருதுநகர். 1923 வரையில் விருதுபட்டி என்று பெயர் வழங்கிய ஊர். காமராஜர் 1903-ல் பிறந்த ஊர். பருப்பு, எண்ணெய், மிளகாய் வற்றல் வியாபாரத்துக்குப் பெயர் பெற்றது. கடைவீதியில் நுழைந்ததும் வற்றல் நெடி நம்மைத் தும்ம வைத்து வரவேற்றது.

கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாயில்லை. வாசலிலேயே அடுப்பு. "அப்பா, எங்க சார்!" என்று பையன் திடுக்கிட்டான். "வாங்க சார், உட்காருங்க" என்று தகப்பனார் துண்டால் கையைத் துடைத்துக் கொண்டார். பிசைந்து ஊற வைத்த மாவு உருண்டையை அவர் எண்ணெய் தடவிய பலகையில் தட்டினார். இரண்டு வீச்சு வீசினார். மாவு மல் துணி போல மெலிந்தது. அதைச் சுருட்டி, அமுக்கி, கல்லின் நடுவே குளமாக நின்ற எண்ணெயில் இட்டார். முறுகலாக வெந்ததை இலையில் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றினார்கள். ருசியைப் பற்றி எழுத வேண்டாம். இரண்டோடு நிறுத்த நினைத்த நாம் நான்கு சாப்பிட்டோம்.

"எத்தனை மணி நேரம் நிற்பீர்கள்?" என்று கேட்டோம்.

"ராத்திரி கடை அடைக்கிற வரைக்கும் சார். சூடு பழகிப்போச்சு, கால்தான் வலிக்கும். இவனாவது உட்கார்ந்து வேலை பாக்கணும்."

திரும்பும் வழியில் நம் பிரசங்கத்தை நாமே பரீட்சை செய்து பார்த்தோம். மார்க் பூஜ்யம். கோதுமையைச் சிந்து வெளி மக்கள் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே பயிரிட்டார்கள். நாம் மார்தட்டிய கம்பு மேற்கு ஆப்பிரிக்காவிலும், கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்காவிலும் முதலில் பயிரானவை. மிளகாயோ நேற்று வந்த விருந்தாளி. அதன் தாயகம் மெக்ஸிகோ. 1492-ல் கொலம்பஸ் அமெரிக்கக் கரை சேர்ந்த பிறகுதான் அது கடல் தாண்டியது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் நம் மேலைக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். அதுவரையில் தமிழ் நாட்டின் காரம் மிளகுதான். வந்த காய்க்கு மிளகின் பெயரையே கொடுத்து மிளகாய் என்று வீட்டில் சேர்த்துக் கொண்டோம். ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-ல் புவிசார் குறியீடே பெற்றுவிட்டது! மெக்ஸிகோக்காரர் நாளும் உண்ணும் மக்காச்சோளம் இன்று விருதுநகர்ச் சீமைக் காடுகளில் விளைகிறது.

நம் பேச்சில் ஓர் உண்மை மட்டும் மிஞ்சியது. தவிடு நீக்கிய மைதாவைத் தினந்தோறும் உண்பது உடம்புக்கு நல்லதன்று. அதைப் பையனைத் தனியே அழைத்து அன்பாகச் சொல்லியிருக்கலாம்.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் நம் தவறைச் சொல்லி அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். பிறகு, அவரவர் வீட்டுச் சமையலறையில் கடல் தாண்டி வந்த பொருள்களை எழுதி வரச் சொன்னோம்.

மத்தியானம் அவன் பொட்டலத்தைப் பிரித்தான். நாலைந்து கைகள் நீண்டன. நமக்கும் ஒரு துண்டு வந்தது. சால்னாவில் காரம் சற்று அதிகந்தான். கண்ணைத் துடைத்துக் கொண்டோம்.