பொத்தானுக்கு அந்தப் பக்கம் யார்?

பெண்களின் கைக்கும் கழுத்துக்கும் புதிதாக ஒரு நகை வந்திருக்கிறது. பார்க்க வளையல் மாதிரி, சங்கிலி டாலர் மாதிரி இருக்கும். உள்ளே ஒரு பொத்தான். ஆபத்து என்றால் அழுத்த வேண்டியது. கைபேசி வழியாக வேண்டியவர்களுக்கு 'இன்ன இடத்தில் மாட்டிக்கொண்டேன், வாருங்கள்' என்று செய்தி போகும். 2018இல் பெண்கள் பாதுகாப்புக்கான எக்ஸ்பிரைஸ் போட்டியில் இப்படியொரு கருவிக்காக டெல்லியின் லீஃப் வேரபிள்ஸ் நிறுவனம் 10 லட்சம் டாலர் பரிசு வாங்கியது. 90 விநாடிக்குள் செய்தி போக வேண்டும், ஆண்டுச் செலவு 40 டாலரைத் தாண்டக் கூடாது என்பது போட்டி விதி.

சரி, 90 விநாடியில் போகட்டும். யாருக்குப் போகிறது? அந்தப் பக்கம் இருப்பவன் எழுந்து வருவானா? இதைக் கேட்காமல் பொத்தானுக்குக் கைதட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

நம் மாணவத் தோழர்களில் ஒரு சாரார், "கருவி சாதி பார்க்காது, பெண்ணே முதலாளி ஆயிட்டா, இதுதான் விடுதலை" என்கிறார்கள். இன்னொரு சாரார், "எல்லாம் முதலாளித்துவப் பொம்மை, தூக்கிப் போடு" என்கிறார்கள். இரண்டுமே யோசிக்கச் சோம்பல்பட்ட பேச்சு. காந்தியம் இயந்திரத்தைப் பழித்தபோது அண்ணல் அம்பேத்கர் 1945இல் பதில் சொன்னார்: குற்றம் இயந்திரத்தில் இல்லை, அதன் பலனைச் சிலரே அள்ளிக்கொள்ளும்படி வைத்திருக்கும் சமூக அமைப்பில் இருக்கிறது. பொத்தானுக்கும் இதுதான் அளவுகோல்.

இந்தத் தொழிலில் பேசப்படும் பெண்களில் ஒருவர் யாஸ்மின் முஸ்தபா. வளைகுடாப் போருக்குத் தப்பிக் குவைத்திலிருந்து சிறுமியாக அமெரிக்கா போனவர். உரிய குடியேற்றத் தாள்கள் இல்லாமல் கிடைத்த வேலையைச் செய்து படித்தவர். பிலடெல்பியாவில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பெண் வன்புணர்வுக்கு ஆளான செய்தி அவரை உலுக்கியது. 2014இல் ரோர் ஃபார் குட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். உடையில் மாட்டிக்கொள்ளும் 'அதீனா' என்ற கருவிக்காக 2015இல் பொதுமக்களிடம் 40,000 டாலர் கேட்டார். பல மடங்கு வந்தது. ஒண்டியாக மேலே வந்த பெண் என்று பத்திரிகைகள் கொண்டாடின. அந்த உழைப்பை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் அந்த நிறுவனம் கடைசியில் எங்கே போய் நின்றது? தனித்தனிப் பெண்களுக்கு விற்பதை விட்டுவிட்டு, ஓட்டல் தொழிலாளருக்கான அபாயப் பொத்தானுக்கு மாறியது. பணம் கட்டுவது ஓட்டல் முதலாளி. ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பினால் பெரிய கட்டிடத்துக்குள் எந்த மாடி, எந்த அறை என்று தெரியாது. அதனால் கட்டிடத்துக்குள்ளேயே ப்ளூடூத் சாதனங்களைப் பொருத்துகிறார்கள். அழுத்தினால் அறை எண்ணே போய்ச் சேரும். ஓட்டல் ஆள் ஓடி வந்தாக வேண்டும்.

இந்தச் சந்தை வானத்திலிருந்து விழவில்லை. அறை கூட்டிப் படுக்கை விரிக்கிற பெண்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவரும் குடியேறிகளும், சங்கம் கட்டி உண்டாக்கியது. 2011இல் நியூயார்க்கில் ஓட்டல் அறை சுத்தம் செய்யும் கினி நாட்டுப் பெண் ஒருவர், அப்போது சர்வதேச நாணய நிதியத்தின் தலைவராக இருந்தவர் மீது பாலியல் தாக்குதல் புகார் கொடுத்தார். கிரிமினல் வழக்கை அரசுத் தரப்பே கைவிட்டது. சிவில் வழக்கு 2012இல் சமரசத்தில் முடிந்தது. ஆனால் சங்கம் கைவிடவில்லை. அதே 2012இல் நியூயார்க் ஓட்டல் தொழிலாளர் ஒப்பந்தத்தில் அபாயப் பொத்தானை எழுத வைத்தது.

சிகாகோவில் யுனைட் ஹியர் சங்கம் சுமார் 500 பெண்களிடம் கேட்டது. ஓட்டல் பெண்களில் 58 சதவீதம் பேர் விருந்தினரின் பாலியல் தொல்லையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். 'கையை எடு, கால்சட்டையைப் போடு' என்பது அவர்களின் முழக்கம். 2017இல் மாநகராட்சி சட்டம் போட்டது. சட்டத்தில் பொத்தான் மட்டுமா இருந்தது? வேலையை நிறுத்திவிட்டு வெளியேறும் உரிமை, அந்த விருந்தினர் இருக்கும்வரை வேறு இடத்தில் வேலை, போலீசில் புகார் கொடுக்கச் சம்பளத்தோடு நேரம், புகார் சொன்னவரைப் பழிவாங்கத் தடை. இவை இருப்பதால்தான் அந்தப் பொத்தானுக்கு உயிர்.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். நம்மிடமும் பொத்தான் இருக்கிறதே! 2017இலிருந்து இந்தியாவில் விற்கும் கைபேசிகளில் அபாயப் பொத்தான் கட்டாயம். 112 இருக்கிறது. 'காவல் உதவி' செயலி இருக்கிறது. எங்கள் சேரியில் பெண்கள் கூட்டத்தில் இதை விளக்கினேன். ஒரு அக்கா கேட்டாங்க: "அமுக்குனா யாரும்மா வருவா? டேசன்ல இருந்துதானே? அந்த ஏட்டு எந்தத் தெரு ஆளுன்னு உனக்குத் தெரியாதா?"

இதற்கு எந்தப் பொறியாளரிடம் பதில் இருக்கிறது? 1992 ஜூனில் வாச்சாத்திக்குள் நுழைந்தது யார்? வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை. 18 பழங்குடிப் பெண்களை வன்புணர்ந்தது சீருடை. குற்றம் சாட்டப்பட்டவர் 269 பேர். தீர்ப்புக்கு 2011 வரை காத்திருந்தோம். மேல்முறையீட்டில் அது உறுதியாக 2023 ஆனது. 2020இல் ஹத்ராசில் தலித் பெண்ணின் உடலைக் குடும்பத்தின் விருப்பத்தை மீறி நள்ளிரவில் எரித்ததும் போலீஸ்தான். பொத்தானின் மறுமுனை இவர்கள் கையில் என்றால், யாருக்குப் பாதுகாப்பு?

அப்போ மறுமுனையில் யாரை உட்கார வைப்பது? விடை திண்டுக்கல்லிலேயே கிடைத்தது. 2021 ஜனவரியில் ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் மீது வழக்குப் பதிவானது. தலித் பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் இதைச் சும்மா விடவில்லை. துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் வரை இழுத்து 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தது. தொழிலாளர்களுக்குள்ளிருந்தே 25 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் நிற்கிற அந்த அக்காதான் பொத்தான். பேட்டரி தீராது, சிக்னல் போகாது.

ஆகவே தோழர்களே, நகையைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. அதைச் செய்கிற பெண் நம் சேரியிலிருந்தும் வரட்டும், மகிழ்ச்சி. நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் வேறு. பாதுகாப்புக் கருவிக்குப் பணம் கட்ட வேண்டியவர் கூலிக்காரி இல்லை, அவளை இரவு ஷிப்டுக்கு அழைக்கிற முதலாளியும் அரசும். எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது, எத்தனை மணிக்கு ஆள் போனான் என்ற கணக்கைச் சங்கமும் பார்க்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு கடமை தவறும் அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை என்கிறது. தலித் பெண்ணின் அழைப்பைக் கேட்டும் அசையாமல் உட்கார்ந்திருப்பவனை அந்தப் பிரிவுக்குள் கொண்டுவா என்று கேட்போம்.

பொத்தானைக் கடையில் வாங்கலாம். அதைக் கேட்டு ஓடி வருகிறவர்களைச் சங்கமாகக் கூடித்தான் உண்டாக்க முடியும்.